அப்பாவின் இசிஜி யாருடைய போனுக்குப் போகிறது?

கொல்கத்தாவில் பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் உங்களில் பலரை அரை டிராயரில் பார்த்தவன் நான். இப்போது நீங்கள் பெங்களூருவிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறீர்கள். அப்பா அம்மா இங்கேயே இருக்கிறார்கள். டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளில் கணக்கெழுதி, டைப் அடித்து ஓய்வுபெற்ற தலைமுறை அது. நல்ல காபிப்பொடியும் வாழையிலையும் நடக்கும் தூரத்தில் கிடைக்கிற பேட்டையை விட்டு நகர அவர்களுக்கு மனமில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நெஞ்சுவலி வந்த இரவில் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நடப்பதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டோடு பொருந்துகிறதா பாருங்கள். இரவு பத்தரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சை ஏதோ அழுத்துகிறது. 'கேஸ்' என்கிறார். வங்காளத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்ததில், நெஞ்சில் எது வந்தாலும் ஜெலுசில் குடிப்பது அவருக்கும் பழகிவிட்டது. ஒரு மணி நேரம் அப்படியே போகிறது. சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்த பிறகு, பக்கத்து வீட்டுப் பையன் தெருக்கோடி நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போகிறான். டூட்டி டாக்டர் இசிஜி எடுக்கிறார், நெற்றியைச் சுருக்குகிறார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். அம்மா அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறார்.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் ஆரம்பம். நியூ ஜெர்சியில் அப்போது பட்டப்பகல். அங்கே இருக்கிற பெரியப்பா மகன் டாக்டர், ஆனால் எலும்பு டாக்டர். அவர் தன் நண்பருக்கு அனுப்புகிறார். பெங்களூரு மருமகள் தன் கல்லூரித் தோழிக்கு அனுப்புகிறாள். ஒருவர் 'பெரிசா ஒண்ணும் தெரியலை' என்கிறார். இன்னொருவர் 'இப்பவே போகச் சொல்லு' என்கிறார். மூன்றாமவர் வேறு கோணத்தில் எடுத்த படம் கேட்கிறார். நடுவில் எந்த ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் செல்லும் என்று ஒரு தனி விவாதம் ஓடுகிறது. அப்பா நர்சிங் ஹோம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மணி ஒன்றரை ஆகிவிட்டது.

யாரும் கெட்டது நினைக்கவில்லை. எல்லோரும் பதறிப்போய், அன்பினால்தான் செய்தார்கள். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். இந்த வீட்டிலிருந்து ஈ.எம். பைபாஸ் ஓரத்துப் பெரிய இதய மருத்துவமனைகளுக்கு இரவில் அரை மணி நேரப் பயணம். இசிஜி உலகத்தைச் சுற்றி வந்த நேரத்தில் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், அடைப்பையும் திறந்திருப்பார்கள்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால், தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும். செத்த தசை திரும்ப முளைப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேபில் பலூன் வைத்துத் திறக்க முடிந்தால் அதுதான் முதல் வழி. முடியாது என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை இருக்கிற இடத்திலேயே போட்டுவிட்டு மேலே அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் பின்பற்றும் வழிமுறை இது. இரண்டில் எதைச் செய்வதற்கும் நோயாளி ஆஸ்பத்திரிக்குள் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் தாமதம் எங்கே நடக்கிறது என்பதற்கு ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. 'கிரியேட்' என்ற பெயரில் 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில், மாரடைப்போடும் அதை ஒட்டிய நெஞ்சுவலியோடும் வந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து, 2008-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரியை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். உள்ளே வந்த பிறகு ஊசி போட ஆனது 50 நிமிடம். பெரும்பகுதி நேரம் வாசலுக்கு வெளியேதான் கரைந்திருக்கிறது. அந்தக் கணக்கு எடுத்த காலத்தில் வாட்ஸ்அப் கிடையாது. வண்டி கிடைக்காமலும், விஷயம் புரியாமலும், காசில்லாமலும் தாமதித்தார்கள். நம் வீடுகளில் வண்டி, படிப்பு, காசு எல்லாம் இருந்தும் ஒரு புதுத் தாமதத்தை நாமே உண்டாக்கியிருக்கிறோம்.

போனை வைத்து இதய வைத்தியம் பார்க்கவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 1839-இல் இந்தியாவின் முதல் சோதனைத் தந்திக் கம்பியைக் கல்கத்தாவில் இழுத்தவர் ஒரு டாக்டர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓஷானெசி. பிறகு 1851-இல் இங்கிருந்து டயமண்ட் ஹார்பர் வரை தந்தித் தடம் போட்டதும் அவர்தான். நாட்டின் முதல் மொபைல் அழைப்பும் இங்கிருந்துதான் போனது. 1995 ஜூலை 31 அன்று, ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். வந்த அழைப்பை எடுத்தாலும் காசு கொடுக்க வேண்டியிருந்த காலம் அது.

இசிஜி என்ற கருவியே பிறந்த சில ஆண்டுகளில் கம்பியில் பயணம் செய்ததுதான். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் செய்த முதல் கருவி சுமார் 270 கிலோ எடை. ஐந்து பேர் சேர்ந்து இயக்க வேண்டும். அதை நோயாளியிடம் தூக்கிப் போக வழியில்லை. அதனால் 1905-இல், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையில் நோயாளியின் கைகால்களை உப்புநீர்த் தொட்டிகளில் வைக்கச் சொல்லி, இதயத்தின் மின்னோட்டத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே தன் ஆய்வகத்துக்கு வரவழைத்து வரைந்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பாட்டில் நோயாளி ஆஸ்பத்திரியில் இருந்தார், அவருடைய வரைபடம் மட்டும் ஊர் சுற்றியது. நம் வீடுகளிலும் வரைபடம் ஊர் சுற்றுகிறது, ஆனால் நோயாளி பெஞ்சில் காத்திருக்கிறார்.

நம் ஊர் உதாரணத்துக்கு வருகிறேன். இதய அறுவை நிபுணர் தேவி ஷெட்டியை உங்களுக்குத் தெரியும். 1989-இல் இங்கே பிர்லா இதய ஆராய்ச்சி மையத்துக்கு வந்தவர், அன்னை தெரசாவுக்குச் சிகிச்சை அளித்தவர். 2000-இல் முகுந்தபூரில், பைபாஸ் ஓரத்தில், ரவீந்திரநாத் தாகூர் பெயரில் இதய மருத்துவமனை எழுந்ததற்குப் பின்னால் இருந்தவரும் அவரே. ஸ்மார்ட்போன் வராத அந்தக் காலத்தில், இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பை வைத்துக்கொண்டு பாங்குராவிலும் சிலிகுரியிலும் இருந்த இதயப் பராமரிப்புப் பிரிவுகளைக் கொல்கத்தாவோடு இணைத்தார்கள். சிலிகுரி இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணம். மாரடைப்போடு வந்தவரை அந்த ரயிலில் ஏற்ற முடியாது. அங்கேயே கட்டிலில் படுக்கவைத்து, இசிஜியைக் கொல்கத்தாவுக்கு அனுப்பி, இங்குள்ள நிபுணர் சொல்வதைக் கேட்டு அங்குள்ள டாக்டர் வைத்தியம் செய்தார். கேட்டவரும் டாக்டர், சொன்னவரும் டாக்டர். ஊசியும் மருந்தும் மானிட்டரும் கேட்டவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லாதது இதுதான். அதில் படத்தை அனுப்புகிறவர் அம்மா. பார்க்கிறவர் கிட்டத்தட்ட எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறார். நடுவில் ஒரு மாத்திரை கொடுக்கக்கூட ஆள் கிடையாது. பாங்குராக்காரருக்கு இருபது வருஷத்துக்கும் முன்னால் கிடைத்த ஏற்பாடு, நகரத்தின் நடுவில் குடியிருக்கும் உங்கள் அப்பாவுக்கு இன்று கிடைப்பதில்லை. எனக்கு இது கோபமாகக்கூட இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லாசரியும் முன்னின்று நடத்திய திட்டம் அது. சிறிய மருத்துவமனைகளையும் 108 ஆம்புலன்ஸையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். நான்கு தொகுதிகளில் 35 மருத்துவமனைகள். எடுத்த இடத்திலிருந்தே இசிஜி மேலே போகும். இங்கேயே ஊசியா, நேரே கேத் லேபா என்று அங்கிருந்து முடிவு வரும். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருந்ததால் பணப் பேச்சு நடுவில் நிற்கவில்லை. 2,420 நோயாளிகளை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். இதில் போனும் இணையமும் மட்டும் சாதித்தது என்ன, வண்டியும் காப்பீடும் சாதித்தது என்ன என்று பிரிக்க முடியாது. எனக்குத் தெரிந்தவரை அவை சேர்ந்து இருந்ததுதான் காரணம். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் துணை சுகாதார நிலையங்கள் வரை 14 மாத்திரைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் முதல் கட்ட அளவில் இருக்கும். நெஞ்சுவலியோடு வருபவருக்கு அதைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

சட்டமும் நம் பழக்கத்துக்கு ஆதரவாக இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளிவந்த தேசிய டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் போன், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அனுமதிக்கின்றன. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் ஆலோசனை கேட்பதையும் அனுமதிக்கின்றன. ஆனால் கேட்ட டாக்டர்தான் சிகிச்சைக்குப் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்கின்றன. அவசர நிலையில் நேரில் பார்ப்பதைத் தாமதப்படுத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனை அவற்றின் வரம்புக்குள் வரவே வராது. நியூ ஜெர்சி நண்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் 'ஒண்ணும் இல்லை' என்று சொன்னதற்கு இங்கே யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்குப் போகிற படத்தின் லட்சணம் அப்படி. இசிஜி காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். 10 மில்லிமீட்டர் உயரம் ஒரு மில்லிவோல்ட். கருவி அந்த அளவில்தான் இருந்தது என்பதற்கு ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போன்ற அடையாளம் இருக்கும். அம்மா எடுக்கிற படத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்த ஓரம்தான். கூடவே பெயரும் நேரமும் போய்விடும். காகிதம் மடியில் வளைந்திருக்கும், டியூப் லைட்டின் பளபளப்பு நடுவில் விழும், வாட்ஸ்அப் அதை இன்னும் நசுக்கி அனுப்பும். மாரடைப்பைக் காட்டும் மாற்றம் சில நேரம் ஒரு மில்லிமீட்டர் ஏற்றம்தான். வளைந்த காகிதத்தில் அதை யார் கண்டுபிடிப்பது?

படம் தெளிவாக இருந்தாலும், முதல் இசிஜி சரியாக இருப்பது நற்சான்றிதழ் ஆகாது. ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாமல் அரை மணி கழித்துக் காட்டும் மாரடைப்பு உண்டு. இதயத்தின் பின்சுவரில் வருவது வழக்கமான 12 லீடுகளில் நேராகத் தெரியாது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப இசிஜி எடுக்கிறார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கிறார்கள். இதில் எதையும் போட்டோவால் செய்ய முடியாது. அப்பாவுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த ஆப்பிள் வாட்சும் செய்யாது. அது ஒரே லீடில் துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கும் கருவி. மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று அதைச் செய்த ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. 'பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம்' என்று சுற்றும் ஃபார்வர்டைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இதுவரை அப்பா, அப்பா என்றே எழுதிக்கொண்டு வந்தேன். பெரும்பாலான வீடுகளில் போட்டோ எடுக்கத் தெரிந்தவர் அம்மாதான். வலி அம்மாவுக்கு வந்தால்? அப்பாவுக்கு இன்னும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி மட்டும்தான் கேட்கத் தெரியும். அம்மா வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத் திணறலாக, தாடை வலியாக, காரணமில்லாத களைப்பாக மாரடைப்பு வரலாம். 'அடுப்படியில நின்னதுல வேர்த்துடுச்சு' என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள்.

அப்படியானால் உங்கள் போன் எதற்கு? நிறைய வேலை இருக்கிறது. ஆனால் அது வலி வருவதற்கு முன்னாலும், வைத்தியம் முடிந்த பின்னாலும் செய்கிற வேலை.

முன்னால் செய்ய வேண்டியதில் தலையாயது பழைய இசிஜி. உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்த ஒரு இசிஜியை மேஜையில் தட்டையாக வைத்து, நாலு ஓரமும் தெரியப் படம் எடுத்து, டாக்குமென்ட்டாக எல்லோர் போனிலும் வையுங்கள். இசிஜி தாள் வெப்பத்தில் எழுதும் தாள். பீரோவில் வைத்தால் சில வருஷத்தில் வெளுத்துப்போகும். புதிதாக எடுத்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தால், 'இது இன்று வந்ததா, பத்து வருஷமாக இருப்பதா' என்பதுதான் டூட்டி டாக்டரின் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நியூ ஜெர்சியால் முடியாது, பழைய தாளால் முடியும். அப்பா சாப்பிடும் மாத்திரைகள், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டை, காப்பீட்டு எண் எல்லாம் அதனோடேயே இருக்கட்டும். ஆஸ்பிரின் அவருக்குக் கொடுக்கலாமா என்று அவருடைய டாக்டரிடம் நிம்மதியான நாளில் கேட்டு எழுதி வையுங்கள். நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைக்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். ரத்த அழுத்தம் சரிந்திருப்பவருக்கு அது ஆளையே சாய்த்துவிடும். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது, இருபத்துநாலு மணி நேரமும் கேத் லேப் இயங்கும் ஆஸ்பத்திரி எது என்பதை இப்போதே முடிவு செய்வது. அதன் அவசரப் பிரிவு எண்ணையும் அப்பாவின் இதய டாக்டர் எண்ணையும் அம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, தெருக்கோடி நர்சிங் ஹோமுக்குக் கொடுத்து வையுங்கள். அன்றிரவு இசிஜி போக வேண்டுமானால் டூட்டி டாக்டரின் போனிலிருந்து அந்த டாக்டரின் போனுக்குப் போகட்டும். வண்டி அதற்குள் கிளம்பிவிட வேண்டும். சென்னை என்றால் கை தானாக 108 அழுத்தும். இங்கே பலர் பேட்டையின் 'பாடா கிளப்' ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுகிறார்கள். அதன் டிரைவர் இரவில் எங்கே தூங்குவார் என்பது உட்பட விசாரித்து வைக்க வேண்டிய ஊர் இது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து நாற்காலியில் உட்காரவைத்து இறக்க நாலு பேர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்களுக்காகக் கொல்கத்தா போலீஸ் நடத்தும் 'பிரணாம்' திட்டத்தில் பெயர் பதிந்து வைத்தால் கூப்பிட ஓர் எண்ணாவது கூடும்.

பின்னால் வருவது நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர்களாக இருக்கக்கூடிய பகுதி. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது, இதயம் பலவீனமானவர் தினமும் காலையில் எடை பார்ப்பது, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று டாக்டருக்குச் சொல்வது. இதையெல்லாம் தூரத்திலிருந்தே கவனிக்கலாம். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையை மையமாக வைத்து 1,571 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் பாதிப் பேரிடம் இப்படித் தினசரி எடை, ரத்த அழுத்தம், இசிஜி எல்லாவற்றையும் தொலைவிலிருந்து கவனித்தார்கள். 2018-இல் வந்த முடிவில், கவனிக்கப்பட்டவர்களிடையே இறப்பு குறைந்திருந்தது. அங்கே மறுமுனையில் இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிலை சீராக இருக்கிற நோயாளி டாக்டரோடு வீடியோவில் பேசினால் பைபாஸ் நெரிசலில் அரை நாள் மிச்சம். இங்கே அரசே 2021 முதல் 'ஸ்வாஸ்த்ய இங்கித்' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார மையங்களிலிருந்து நிபுணர்களோடு பேசவைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டதும், 'எடை எவ்வளவு' என்று இன்னொரு கேள்வி சேருங்கள். முறைப்பார்கள். பரவாயில்லை.

குழுவை அணைத்துவிடச் சொல்லவில்லை. அன்றிரவு குழுவில் ஒரே ஒருவர் பேசட்டும், அவரும் வண்டியோடு போகிறவரிடம் பேசட்டும். மற்றவர்கள் விமான டிக்கெட் பார்க்கலாம், ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பலாம். அவையும் உதவிதான்.

துர்கா பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அந்த நாட்களில் ராஷ்பிஹாரியிலும் கரியாஹாட்டிலும் இரவு இரண்டு மணிக்கும் ஆள் நடக்க இடமிருக்காது. எந்தெந்தத் தெரு எப்போது மூடப்படும் என்று போலீஸ் முன்கூட்டியே அறிவிக்கும். அது வந்ததும், உங்கள் வீட்டுத் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழி திறந்திருக்கும் என்று பார்த்து, அதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அனுப்புங்கள். அப்பாவுக்கு அனுப்பினால் குழுவில் ஃபார்வர்டு செய்துவிட்டு மறந்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் பேட்டைக்காரன்
லேக் மார்க்கெட், கொல்கத்தா